மாட்டை எங்கன அவுத்தீக?

செவ்வூருணி குருநாதனைப் பற்றி எழுத அவர் ஒன்றும் பெரிய மனிதர் இல்லை. சிக்கலுக்கும் சாயல்குடிக்கும் நடுவில் கொஞ்சம் மிளகாய்க் கொல்லை, மழை பெய்தால் நெல், வாசலில் ஒரு பர்மாத் தேக்குக் கதவு. இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. இதில் கதவுதான் அவரைப் பிடித்து ஆட்டியது.

கதவை வைத்தவர் அவருடைய அய்யா. ஜமீனுக்கு வேண்டியவர். ஜில்லா போர்டில் மெம்பராகிவிட வேண்டும் என்ற ஆசையில் கலெக்டருடைய டவாலிச் சேவகனுக்கும் எழுந்து நின்று கும்பிடு போட்டவர். முப்பத்திரண்டாம் வருஷம் மார்கழி மாதம், சுதந்திரம் சுதந்திரம் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த தலைவர் ஒருவர் ராமநாதபுரத்தில் ரயிலை விட்டு இறங்கி, கூண்டு வண்டி பிடித்து, சாயல்குடி உப்பளத்துக்காரர்களிடம் கூட்டம் பேசப் புறப்பட்டார். வழியில் எங்கேயோ ராத்தங்கிவிட்டு, மறுநாள் காலையில் செவ்வூருணிக்குள் வண்டி நுழைந்தது. ஊரில் பெரிய வீடு இதுதான் என்று வண்டிக்காரன் குருநாதன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அய்யா கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு ஊரே கதவடைத்துக்கொண்டுதான் இருந்தது. தலைவருக்குத் தண்ணீர் கொடுத்தவன் மறுநாள் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மற்ற வீடுகளுக்கு இருந்தது பனைமட்டையில் கட்டின படல். படலைச் சாத்தினால் சத்தம் வராது. தேக்குக் கதவைச் சாத்தினால் ஊருணிக் கரை வரை கேட்கும்.

அப்படிக் கேட்டதுதான் வினையாகப் போயிற்று. நாற்பத்தேழு ஆகஸ்டில் ஒருநாள் காலை செவ்வூருணியில் எல்லாரும் தியாகிகளாகப் படுக்கையை விட்டு எழுந்தார்கள். அந்தக் கூண்டு வண்டியைக் கண்டு பனங்காட்டுக்குள் ஓடினவர்கள், தாங்கள் அப்போது தலைமறைவாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். படலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், மௌன விரதம் இருந்ததாகச் சொன்னார்கள். இத்தனை தியாகிகள் ஓர் ஊரில் இருந்தால் ஒரு துரோகியாவது இருந்தாக வேண்டும், இல்லையென்றால் கணக்கு உதைக்கும். அய்யா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டம் மகனுக்கு வந்தது.

'கதவடைச்சான் வீடு' என்று வீட்டுக்குப் பெயர். 'கதவடைச்சான் மகன்' என்று குருநாதனுக்குப் பெயர். டீக்கடையில் நுழைந்தால், "கதவத் தொறந்து வையிலே, அவுக வாராக" என்பான் ஒருத்தன். கடைக்குக் கதவே கிடையாது. கோயில் கொடைக்கு வரி கேட்டு வருகிறவன் தெருவில் நின்றே, "தட்டலாமா, இல்ல இப்பிடியே போயிரவா?" என்று கேட்பான். மிளகாய் எடுக்க வந்த பரமக்குடி யாவாரி, வழி கேட்டபோது ஊரார் சொன்ன பெயரை அப்படியே பிடித்துக்கொண்டு, "கதவடைச்சான் அண்ணாச்சி இருக்காகளா?" என்று வாசலில் நின்று மரியாதையாகக் கூப்பிட்டான். அன்றைக்குக் குருநாதன் சாப்பிடவில்லை.

இந்தப் பெயர் தொலைய வேண்டும். அவருடைய நடுவயது முழுக்க இந்த ஒரே பிரார்த்தனையில்தான் கழிந்தது. மனிதனுக்கு மோட்சம், பிள்ளை, மழை என்று எவ்வளவோ கேட்க இருக்கிறது. இவர் பட்டப்பெயர் தொலையக் கேட்டார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சாமி கண்ணைத் திறந்ததாக அவர் நினைத்தார். சாயல்குடியில் தலைவர் பேசின அந்தப் பேச்சு அப்போது பெரிய பேச்சாகிவிட்டது. "உப்பு விளைவிக்கிறவன் கஞ்சியில் உப்பில்லை" என்று அதில் ஒரு வரி. பள்ளிக்கூடச் சுவரிலெல்லாம் எழுதினார்கள், எழுதின சுவருக்குக் கீழே பிள்ளைகள் உப்பில்லாத கஞ்சியே குடித்தார்கள். அந்தப் பேச்சைத் தலைவர் வண்டிப் பயணத்தின்போது வழியில் எங்கேயோ உட்கார்ந்து எழுதினார் என்பது பிரசித்தம். எங்கே என்பதுதான் தெரியாது. எழுதின இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு கல்தூண் நடுவது, தூண் வரைக்கும் ரோடு போடுவது, ரோட்டில் பஸ் விடுவது என்று முடிவாகி, ஒரு கமிட்டியும் போட்டார்கள்.

கமிட்டிப் பிரசிடெண்ட் பூமிநாதன். சாயல்குடிக் கூட்டத்தில் கல்லெறிந்து கலாட்டா செய்தவர்களில் அவரும் ஒருவர் என்று ஒரு பேச்சு உண்டு. கையில் கல் இருந்தது உண்மைதான், எறியவில்லை என்று அவரே பல மேடைகளில் விளக்கம் சொல்லியிருக்கிறார். எலெக்‌ஷனுக்கு முன்னால் தூணை நட்டுவிட வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரோடு என்றதும் தலைவர் எல்லா ஊரிலும் எழுத ஆரம்பித்துவிட்டார். ராமேசுவரத்தில் கடலைப் பார்த்து எழுதினார். திருவாடானையில் கோயில் மண்டபத்தில் எழுதினார். சிக்கலில் மரத்தடியில் எழுதினார். சாயல்குடியில் பனங்காட்டில் எழுதினார். அந்த மனிதர் ஒரு பேச்சை எழுத இவ்வளவு இடம் மாறியிருந்தால் கூட்டத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

குருநாதன் யோசித்தார். யோசித்து, ஒருநாள் சாயங்காலம் தன் சம்சாரத்திடம் விஷயத்தை விட்டார். நாகலெட்சுமி முற்றத்தில் உட்கார்ந்து சோடை மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாகு, கதவ அடைச்சது உண்மைதான். இல்லங்கல. ஆனா தலைவர உள்ள வச்சுல்ல அடைச்சோம்."

"ஓகோ."

"வண்டிக் கொட்டகையில உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தாரு. போலீசு வந்துரக் கூடாதேன்னு அய்யா கதவச் சாத்திட்டாரு."

"போலீசு வந்துச்சா?"

"வந்து தட்டுச்சு. அய்யா தொறக்கல."

"டவாலி வந்தாலே எந்திரிச்சு நிக்கிற மனுசரு, போலீசு தட்டித் தொறக்கலயாக்கும். நீங்க எங்கன இருந்தீக அப்ப?"

"நானும் உள்ளதான்."

அது மட்டும் உண்மை. அன்றைக்கு அவர் மீசை அரும்பின இளவட்டம். நெற்குதிருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை.

"சொல்லிப் பாருங்க" என்றாள் நாகலெட்சுமி. "நம்புறதுக்கு ஆளா இல்ல."

நம்புவதற்கு ஆள் உண்டு. ஆனால் நம்ப வேண்டியவர்கள் முன்னாலேயே நாலு ஊரை நம்பிக்கொண்டிருந்தார்கள். தன் கதையை ஏற்றுவதற்கு முன்னால் மற்றக் கதைகளை இறக்க வேண்டும் என்று குருநாதனுக்குப் புரிந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று முதல் அடுத்தவன் பொய்யைச் சோதிப்பதே அவருக்குத் தொழிலாயிற்று. அந்தத் தொழிலில் அவர் சூரர் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன் பொய்யைக் காப்பாற்ற வேண்டிய மனிதனுக்கு வருகிற கூர்மை உண்மை பேசுகிறவனுக்கு வருவதில்லை.

ராமேசுவரத்தில் சத்திரத்து மேனேஜர் ஒரு ஜன்னலைக் காட்டினார். "இங்கன உக்காந்து கடலப் பாத்துக்கிட்டே எழுதினாரு." ஜன்னலில் தெரிந்தது பக்கத்து லாட்ஜின் சமையல்கட்டு. "அது இப்ப கட்டுனது" என்றார் மேனேஜர். "இதுவும்தான்" என்றார் குருநாதன். சத்திரத்து வாசல் கல்லில் முப்பத்தெட்டு என்று வருஷம் வெட்டியிருந்தது. திருவாடானைக்கு அவர் அதிகம் மெனக்கெடவில்லை. "ராமநாதபுரத்துல எறங்கித் தெக்க போற மனுசன் வடக்க எதுக்குய்யா வாராரு?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறினார்.

சிக்கலில் சேதுராமன் என்று ஒரு விவசாயி. கண்மாய் உள்வாயில் நிற்கிற கருவேல மரத்தைக் காட்டி, அதன் தூரில் சாய்ந்துதான் எழுதினார் என்றார். மரத்துக்குச் சந்தனம் பூசி மாலையும் போட்டாகிவிட்டது.

"மார்கழி மாசம் இங்கன தண்ணி எம்புட்டு நிக்கும்?" என்று குருநாதன் விசாரித்தார்.

சேதுராமன் தண்ணீரைப் பார்த்தார். அப்போதும் மார்கழிக்குக் கிட்டத்தில்தான். மரத்துக்குப் போட்ட மாலை தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. "அந்த வருசம் மழை இல்ல."

"மழை இல்லயா. அந்த வருசம் வெளஞ்ச நெல்ல வித்துத்தான் ஒங்க அய்யா காரை வீடு கட்டுனாருன்னு ஊருல சொல்லுறாக."

சேதுராமன் வீட்டையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டை விட மனசு வரவில்லை.

சாயல்குடியில் பொன்னுச்சாமி. ஊருக்கு மேற்கே பாதிப் பனங்காடு அவருடையது.

"இந்தப் பனை மூட்டுலதான் உக்காந்தாரு. ஓலைப் பட்டையில பதனி குடுத்தோம். ஒரு பட்டை குடிச்சாரு, ருசி பிடிச்சுப்போயி இன்னொரு பட்டை கேட்டாரு. அதக் குடிச்சுட்டுத்தான் எழுத்தே ஓடுச்சு."

"மார்கழியிலயா?"

பொன்னுச்சாமி பனை உச்சியை அண்ணாந்து பார்த்தார். மார்கழியில் பனை பாளை விடாது, பதனீர் கிடையாது என்பது அந்தச் சீமையில் கைக்குழந்தைக்குத் தெரியும். பனைகளுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பெரிய மனிதர் பனங்காட்டுக்கு வந்தார் என்றால் பதனீர் குடித்தே ஆக வேண்டும், குடிக்காமல் போனால் கதை இறங்காது. அதனால் கொடுத்துவிட்டார்.

"தலைவருக்காக அந்த வருசம் பாளை வெடிச்சிருக்கும்" என்றார் கடைசியில்.

"கதர் சுத்திக்கிட்டு வெடிச்சுச்சா?"

இத்தனைக்கும் குருநாதனின் பெரிய ஆயுதம் இதெல்லாம் இல்லை. கடைசியாக ஒரு கேள்வி வைத்திருந்தார். சிக்கலிலும் சாயல்குடியிலும் கிளம்புகிற சமயத்தில், செருப்பைப் போட்டுக்கொண்டே, சும்மா கேட்பதுபோல் கேட்பார்: "அது கெடக்கட்டும். மாட்டை எங்கன அவுத்தீக?"

அந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் விஷம் புரியும். வாசலில் வண்டி வந்து நின்றால், "மாட்ட அவுத்து விடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அதுதான் வரவேற்பு. அப்புறம்தான் தண்ணீர், சாப்பாடு, பேச்சு எல்லாம். சொல்லாத வரைக்கும் வண்டிக்காரன் நுகத்தில் கை வைக்க மாட்டான். ஒரு பேச்சை எழுதி முடிக்கிற நேரம் விருந்தாளி இருந்தார் என்றால் மாட்டை அவிழ்த்திருக்க வேண்டும், தண்ணீர் காட்டியிருக்க வேண்டும், வைக்கோல் போட்டிருக்க வேண்டும். தலைவர் என்ன சொன்னார், எப்படிச் சிரித்தார் என்று அளந்து வைத்திருந்தவர்களில் ஒருவருக்கும் மாடு ஞாபகத்தில் இல்லை. சேதுராமன் மரத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார், அங்கே இடுப்பளவு தண்ணீர். பொன்னுச்சாமி பனங்காட்டுக்குள் கையைக் காட்டினார், அந்த மணலில் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும்.

பூமிநாதனுக்கு ஏகச் சந்தோஷம். ஊர்கள் குறையக் குறைய அவருடைய வேலை குறைந்தது. "ஒங்க ஊரையும் பாத்துருவோம்" என்றார் குருநாதனிடம். "சாட்சி இருக்கா?"

சாட்சி இருந்தான். தலைவருக்கு அன்று வண்டி ஓட்டின கூத்தையா அப்போதும் உயிரோடுதான் இருந்தான். வண்டியை விற்று, மாட்டை விற்று, கடைசியாகத் தன் ஞாபகத்தை விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தான். சிக்கலில் மரத்தடிக்குச் சாட்சி சொன்னது அவன்தான். சாயல்குடியில் இரண்டாவது பட்டைப் பதனீருக்கும் அவன்தான். கூத்தையா குருநாதனுக்கு வயதில் வெகு மூத்தவன். அது குருநாதனுடைய வாயைத் தடுத்ததில்லை.

"ஏலே கூத்தையா, போன ஊருலயெல்லாம் சத்தியம் பண்ணிருக்கியாமுல்ல."

"போன ஊருலயெல்லாம் சோறு போட்டாக மொதலாளி."

"நம்ம ஊருக்கு வாரியா?"

"சோறு?"

"போடுறேன்."

"என்ன கொழம்பு?"

"கறிக்கொழம்பு."

கூத்தையா சப்புக்கொட்டினான். "தலைவரு உள்ள இருந்தாரா, வெளிய இருந்தாரா?"

"உள்ள."

"உள்ளதான். வண்டிக் கொட்டகை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றான் கூத்தையா.

குருநாதன் இவ்வளவு ஏற்பாடு செய்தவர், கூத்தையாவிடம் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்தவனைக் கேட்கத் தயாரித்த கேள்வியைத் தன்னைக் கேட்டுப் பார்க்கிற பழக்கம் அந்தச் சீமையில் யாருக்கும் கிடையாது.

கமிட்டி வந்த அன்று தூறலாக இருந்தது. பூமிநாதனும் கமிட்டிக்காரர்களும் ஜீப்பில் வந்தார்கள். வேடிக்கை பார்க்கப் பொன்னுச்சாமியும் சேதுராமனும் கூடவே தொற்றிக்கொண்டு வந்தார்கள். தோற்றுப்போனவர்களுக்கு அடுத்தவன் தோற்பதைப் பார்ப்பதுதான் மிச்சம். ஊர் முழுக்க வாசலில் கூடிவிட்டது. முதலில் சாப்பாடு என்றார் பூமிநாதன். வெள்ளாட்டுக் கறி வெந்த வாசனை தெருவரைக்கும் வந்திருந்தது.

எல்லாரும் உள்ளே போனார்கள். கூத்தையாவும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"நீ அங்கன நில்லு" என்றார் குருநாதன். "மொதல்ல அவுக சாப்புடட்டும்."

சாட்சியாக இருந்தாலும் வண்டிக்காரன் வண்டிக்காரன்தான். பூமிநாதனோடு ஒரே வரிசையில் அவனுக்கு இலை போட முடியுமா? நாகலெட்சுமி கேட்டாள், "கொல்லப்பக்கமா வரச் சொல்லி அவருக்கும் ஒரு இலை போட்டுருவமா?" "அப்பறம் பாத்துக்குவோம், அவன் எங்க போயிறப் போறான்" என்றார். ஊர்ச்சனம் வேறு கழுத்தை நீட்டி உள்ளே இருக்கிற இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. குருநாதன் போய்த் தேக்குக் கதவைப் பிடித்துச் சாத்தினார். சத்தம் ஊருணிக் கரை வரை கேட்டது.

"அப்பிடியே ஒங்க அய்யா" என்றாள் நாகலெட்சுமி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

கமிட்டி சாப்பிட்டது. இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது. வெற்றிலை போட்டது. அதுவரை கூத்தையா தூறலில் கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான்.

கதவு திறந்தது. நாற்காலிகள் வாசலுக்கு வந்தன. விசாரணையைக் குருநாதன் தானே நடத்தினார். சோதிக்கிறவர் என்ற பெயர் எடுத்தவர் அல்லவா.

"கூத்தையா, பயப்படாமச் சொல்லு. அன்னைக்குத் தலைவரு எங்கன இருந்தாரு?"

"வண்டியில."

"அது வரும்போது. வந்தப்பறம்?"

"வந்தப்பறமும் வண்டியிலதான்."

குருநாதன் சிரிக்கப் பார்த்தார். "வயசாயிருச்சுல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லு. வண்டிக் கொட்டகை…"

பின்னாலிருந்து பொன்னுச்சாமி செருமினார். இதற்காகவே அவர் பதனீர் அவமானத்தைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"அது கெடக்கட்டும்" என்றார். "மாட்டை எங்கன அவுத்தீக?"

கூட்டம் சிரித்தது. கூத்தையா சிரிக்கவில்லை.

"அவுக்கல. வீட்டுக்காரக சொன்னாத்தான அவுக்க? வண்டி நின்னதும் கதவு டம்முனு சாத்துச்சு. இப்பச் சாத்துனாகளே, இதே சத்தம். தொறப்பாக, தொறப்பாகன்னு நின்னோம். மாடு நொகத்தோட கால் மாத்திக் கால் மாத்தி நிக்கிது. தலைவரு எறங்கி நின்னு கதவப் பாத்தாரு. 'கூத்தையா, இவரு தொறக்குறதுக்குள்ள நான் ஒரு வேலைய முடிச்சிருவேன் போல'ன்னாரு. காயிதத்த எடுத்தாரு. தூறல் விழுந்துச்சு, கூண்டுக்குள்ள ஏறி உக்காந்து, முழங்கால்ல வச்சு எழுதுனாரு. எழுதி முடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு, 'இந்த வீட்டுக்காரருக்கு நாம நன்றி சொல்லணும், உள்ள கூப்புட்டிருந்தா சாப்புட்டுத் தூங்கிருப்பேன்'னாரு. வண்டிய விடுன்னாரு. விட்டேன். அம்புட்டுத்தான்."

கறிக்குழம்பு கிடைத்திருந்தால் தலைவர் உள்ளேதான் இருந்திருப்பார். அதை மறைக்க வேண்டியதில்லை. கூத்தையா உண்மையைச் சொன்னது உண்மையின் மேல் இருந்த ஆசையால் அல்ல.

பூமிநாதன் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே குருநாதனைப் பார்த்தார். "சோதிச்சுப் பாக்குறதுல நீங்கதான் கெட்டிக்காரரு. சோதிங்க."

குருநாதன் சோதித்தார். வேறு வழியில்லை. "பதனி குடிச்சாரா?" என்றார்.

"பச்சத்தண்ணிக்கே வழியில்ல, பதனிக்கு எங்கிட்டுப் போக?"

கண்மாய்த் தண்ணீர் தெருவுக்கு வராது. கட்டடம் எந்த வருஷத்தது என்று கேட்க முடியாது, அது தன் வீடு. மாட்டுக் கேள்விக்குப் பதில் வந்தாகிவிட்டது. நாலு ஊரைக் கவிழ்த்த சோதனை எல்லாவற்றிலும் இந்தக் கதை மட்டும் நிமிர்ந்து நின்றது.

"பொய்" என்றார் குருநாதன். ஆனால் அந்த வார்த்தைக்கு அழுத்தம் வரவில்லை. அன்றைக்குக் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது ஒரு சலங்கைச் சத்தம்தான். நுகத்தில் பூட்டின மாடு கால் மாற்றும்போதெல்லாம் கேட்கிற சத்தம். அன்று காலை வெகுநேரம் வரை அது நிற்கவில்லை. இதைப் பின்னொரு நாள் ஊருணிக் கரையில் சொன்னவள் நாகலெட்சுமி. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டவளிடம், "தூக்கத்துல பேசுற புருசன் வாச்சவளுக்கு எல்லாந்தான் தெரியும்" என்றாள்.

பூமிநாதன் எழுந்தார். "தூணு இங்கனதான் வரணும். இந்த வாசல்லயே. ஆனா நடந்தது என்னவோ அதத்தான் கல்லுல வெட்டுவோம். ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லுங்க, எடம் தெரியலன்னு எழுதிப்புட்டுத் தூணக் கடலாடியில ஆபீசு வாசல்ல நட்டுருவோம். ரோடும் அங்கனயோட நின்னுரும்."

ஊரே குருநாதனைப் பார்த்தது. இத்தனை வருஷம் கேலி பண்ணின ஊர், ரோடு என்றதும் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றது. டீக்கடைக்காரன், "அண்ணே" என்றான். அவன் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை.

பேசினவள் உள்ளே இருந்து நாகலெட்சுமி.

"வரட்டும் விடுங்க. வேண்டாம்னு சொன்னா மட்டும் இவுக ஒங்கள வேற பேரு சொல்லியா கூப்புடப் போறாக? பிரசவத்துக்குப் பொம்பளைகளக் கட்டில்ல தூக்கிக்கிட்டுச் சிக்கலுக்கு ஓடுறதாவது மிச்சமாகும்."

குருநாதன் தலையை அசைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய், பழக்க தோஷத்தில், கதவைச் சாத்திக்கொண்டார்.

அறுபதில் தூண் வந்தது. 'அடைத்த கதவின் முன்னே, அவிழ்க்காத வண்டியில்' தலைவர் எழுதினார் என்று கல்லில் வெட்டியிருந்தது. அய்யாவின் பெயரைப் போடாமல் விட்டது கமிட்டியின் பெருந்தன்மை. ரோடு வந்தது. ரோட்டில் பஸ் வந்தது. முதல் நாள் பஸ் தூணுக்குப் பக்கத்தில் நின்றதும் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு சத்தம் போட்டான்: "கதவடைச்சான் வீடெல்லாம் எறங்கு."

செவ்வூருணி என்று சொன்னால் அதற்கப்புறம் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. சாயல்குடியிலும் கீழக்கரையிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்கினார்கள். ஊரிலிருந்த தியாகிகள் எல்லாரும் வெளியூரில் தங்களைக் 'கதவடைச்சான் வீட்டு ஊர்க்காரர்' என்று சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. குருநாதனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

கொஞ்ச நாள் அவர் பகலெல்லாம் மிளகாய்க் கொல்லையில் பதுங்கிக் கிடந்தார். ராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டு வருகிற கூட்டம் பஸ்ஸில் வந்து இறங்கும். தூணைச் சுற்றிவிட்டுக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். யாரோ ஒருத்தி குங்குமம்கூட வைத்துவிட்டாள். ஒருநாள் ஒரு வாத்தியார் கதவைத் தட்டிப் பார்த்து, "இது புதுக் கதவு. பழசு கரையான் தின்னுருக்கும்" என்று தன் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்த குருநாதனுக்கு அது காதில் விழுந்தது. பொறுக்க முடியவில்லை. பொய்யைக் கேட்டால் சும்மா இருக்க முடியாத வியாதி அதற்குள் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

"யாரு சொன்னா? அதே கதவுதான்யா. பர்மாத் தேக்கு. தாழ்ப்பாள்கூட மாத்தல. இந்தா பாருங்க" என்று சாத்திக் காட்டினார். டம் என்றது. கூட்டம் ஆகா என்றது. வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாளிலிருந்து குருநாதன் முதல் பஸ் வருவதற்குள் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக் கதவோரம் நின்றார். நாகலெட்சுமி, "அடைச்சவரே இம்புட்டுச் சத்தமா அடைச்சிருக்க மாட்டாரு" என்று முனகினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேரைத் தொலைக்கப் பாடுபட்ட மனிதர், வழி தவறி வருகிறவர்களிடம், "கதவடைச்சான் வீடுதான? நான்தான், வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் கோடையில் சாயல்குடியிலிருந்து சேதி வந்தது: தலைவருக்கு முதன்முதலில் கதவடைத்தவர் பொன்னுச்சாமியின் அய்யாவாம். கூட்டத்துக்குப் போகும் முன் தலைவர் அவர் வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தினாராம். பேச்சின் கடைசிப் பாராவை அந்த வாசலில்தான் எழுதினாராம். சிக்கல் சேதுராமன் அதற்கும் ஒருபடி மேலே போய், தன் அய்யா முன்வாசல், பின்வாசல் இரண்டையுமே அடைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குருநாதன் குடையை எடுத்தார். முதல் பஸ்ஸில் சாயல்குடி போய்ச் சேர்ந்தார். பொன்னுச்சாமி வீட்டு வாசலில் புதுக் கதவு ஒன்று, வார்னிஷ் காயாமல் நின்றது.

"ஒங்க அய்யா கதவ அடைச்சாராமுல்ல."

"அடைச்சாரு."

"முப்பத்திரெண்டுலயா?"

"அதே மார்கழிதான்."

"அப்ப ஒங்க வீட்டுக்கு ஏதுய்யா கதவு? படல்தான கெடந்துச்சு."

பொன்னுச்சாமி இந்தத் தடவை திணறவில்லை. "படலத்தான் அடைச்சாரு. அடைக்கணும்னு மனசு இருந்தாப் போதாதா?"

"படல அடைச்சா தலைவருக்கு எப்பிடித் தெரியும்? சத்தம் வருமா? எங்க அய்யா அடைச்சது ஊருணி வரைக்கும் கேட்டுச்சு. வேணும்னா கூத்தையாவக் கூப்புட்டு இப்பமே கேப்போம்."

"தாராளமாக் கேளுங்க" என்றார் பொன்னுச்சாமி. "அவுகளுக்கு நேத்தே எலை போட்டாச்சு. கதவத் தொறந்து வச்சு, உள்ள உக்கார வச்சுத்தான் போட்டோம்."

குருநாதன் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் புதுக் கதவைப் பார்த்தார்.

"என்ன கொழம்பு?" என்றார்.